குழந்தையின் பெயரால்

குழந்தைகளை நச்சுப் படைப்புகளிலிருந்து காக்க வேண்டும் என்பதில் எமக்கு இரு கருத்தில்லை. அளவெட்டிப் பிள்ளைகளும் இன்று கைத்தொலைபேசியின் வழியே உலகைக் காண்கின்றனர்; அவர்தம் அறியாமையை விலையாக்கும் வணிகம் அத்திரையின் பின்னே நிற்கின்றது. ஆயின், காவலென்று வரும் சட்டம் யாரைக் காக்கின்றது?

2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் குற்றமாக்குகின்றது. வரவேற்கத்தக்கதே; எனினும் அது புதியதன்று. கணினிச் சேவை வழங்குவோர் மீது அக்கடமையை 2006 ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சுமத்திவிட்டது. புதியது, எது பொய்யெனத் தீர்மானிக்கும் ஐவர் ஆணைக்குழுவே. சட்டமூலத்தின் பல பிரிவுகள் திருத்தப்படாவிடின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 இல் கூறியமையை மறத்தலாகாது.

எமது அச்சம் கற்பனையன்று. மாணவரிடையே தீவிரவாதம் விதைத்தாரென்று, ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ‘நவரசம்’ என்னும் அவரது தமிழ்க் கவிதைத் தொகுதியே ஐயத்துக்குரிய பொருளாயிற்று. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு மீட்கும்?

சிறுவர்க்கெதிரான குற்றத்தைத் துல்லியமாக வரையறுக்கும் தனிச் சட்டம் வேண்டும். அதன் தீர்ப்பு நீதிமன்றத்திடமே இருத்தல் வேண்டும். நல்லதையும் நஞ்சையும் பகுத்தறியும் வாசிப்பை வளர்ப்பதோ ஆசிரியராகிய எமது கடன். அக்கடனை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க நாம் உடன்படோம்.