விரல் எந்தப் பக்கம் திரும்புகிறது? லாஸ் தெசிஸ் பற்றி ஒரு குறிப்பு

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் டீமில் இருந்த ஒரு பெண், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒருத்தன் தொந்தரவு செய்ததைச் சொல்ல வந்தார். நான் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க?"

"இல்லம்மா, டீடெய்ல் தெரிஞ்சாதானே..." என்று இழுத்தேன். "சரி சார், பரவாயில்லை" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லைதான். இருபது வருஷமாக பக் ரிப்போர்ட் பார்க்கிற ஆள் நான். யூசர் என்ன செய்தார், எப்போது செய்தார் என்றுதான் எங்கள் விசாரணையே ஆரம்பிக்கும். ஆனால் அந்தக் கேள்வி அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது, சிலி நாட்டு வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

'உன் வழியில் ஒரு வன்புணர்வாளன்' என்பது அதன் தலைப்பு. உருவாக்கியவர்கள் லாஸ் தெசிஸ் என்ற குழுவினர். வால்பரைசோ நகரத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள், அப்போது முப்பதை ஒட்டிய வயது. பெண்ணியக் கோட்பாடுகளை எடுத்து, தெருவில் நிகழ்த்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதுதான் இவர்கள் வேலை. இந்த நிகழ்வுக்கு அடிப்படை அர்ஜென்டினாவைச் சேர்ந்த மானுடவியலாளர் ரீட்டா செகாட்டோவின் எழுத்து. வன்புணர்வுக்குக் காரணம் அடங்காத காமம் இல்லை, அது அதிகாரத்தைக் காட்டும் செயல், பெண்ணை 'அவள் இடத்தில்' வைக்கத் தரும் தண்டனை என்பது அவர் வாதம்.

2019 அக்டோபரில் சாண்டியாகோ மெட்ரோ கட்டணம் 30 பெசோ உயர்ந்தது. அதில் தொடங்கிய போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. கைதான பெண்களை போலீஸ் நிலையங்களில் உடை களையச் சொல்லி, உட்கார்ந்து எழச் சொன்னதாகப் புகார்கள் குவிந்தன. இந்தச் சூழலில்தான் நவம்பர் 20 அன்று வால்பரைசோ தெருவில் இது முதலில் நிகழ்த்தப்பட்டது. ஐந்து நாள் கழித்து, பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளில் சாண்டியாகோவில் நடந்ததன் வீடியோதான் உலகம் சுற்றியது.

கண்ணில் கறுப்புத் துணி கட்டிய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சாதாரணமான தாளம். நடுவில் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுகிறார்கள். போலீஸ் நிலையத்தில் நடந்தது அப்படியே தெருவுக்கு வந்துவிட்டது. தலைப்பும் சும்மா வைத்ததில்லை. 'உன் வழியில் ஒரு நண்பன்' என்பது சிலி போலீஸின் பழைய விளம்பர வாசகம். அதில் 'நண்பன்' போய் 'வன்புணர்வாளன்' வந்துவிட்டான். போலீஸின் சொந்தப் பாடலில் பெண்ணைத் தாலாட்டுவது போன்ற பகுதி ஒன்று உண்டு. அதையும் எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் பேசியது, தப்பு என் மேல் இல்லை, நான் இருந்த இடமோ உடுத்திய உடையோ காரணம் இல்லை என்று மறுக்கும் பகுதியைத்தான். என்னைக் கேட்டால் இதன் பலம் அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. கை நீள்கிறது, விரல் முன்னால் நிற்பவரைக் காட்டுகிறது, குற்றவாளி 'நீ' என்கிறது. பிறகு போலீஸ், நீதிபதிகள், அரசு, ஜனாதிபதி என்று பட்டியல் நீள்கிறது.

இதை இன்னொரு முயற்சியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 'நீ என்ன உடுத்தியிருந்தாய்?' என்ற கண்காட்சி 2014-ல் அமெரிக்காவின் அர்கன்சா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பல நாடுகளுக்குப் போனது. பாதிக்கப்பட்டவர்கள் அன்று அணிந்திருந்ததைப் போன்ற உடைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஜீன்ஸ், பைஜாமா, சின்னக் குழந்தையின் சட்டைகூட. பார்த்தால் மனசு கனத்துப் போகும், சந்தேகமே இல்லை. ஆனால் அது கேள்வியை ஏற்றுக்கொண்டு பதில் சொல்கிறது: "பாருங்கள், சாதாரண உடைதான்." அப்போ சாதாரணமில்லாத உடை போட்டிருந்தவள்? அவள் சட்டை அங்கே தொங்கினால் பார்வையாளர்கள் என்ன நினைப்பார்கள்? லாஸ் தெசிஸ் தற்காப்பில் அப்படி நின்றுவிடுவதில்லை. ஒரே மூச்சில் மறுத்துவிட்டு, கேள்வி கேட்டவன் பக்கம் திரும்பிவிடுகிறது.

குறை இல்லையா? இருக்கு. ஓபன் சோர்ஸ் மாதிரி, எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பாரிஸ், மெக்சிகோ சிட்டி, டெல்லி என்று பரவியது. பரவப் பரவ, சிலி போலீஸைக் குத்தும் இடங்களின் கூர்மை போய்விட்டது. போலீஸ் பாட்டைத் தெரியாதவர்களுக்கு அந்தத் தாலாட்டு வெறும் தாலாட்டு. இன்னொன்று, பட்டியலில் பெரிய பெரிய பெயர்களாக இருப்பதால் என்னைப் போன்ற சாதாரண ஆண் நைசாக ஒதுங்கிக்கொள்ளலாம். 'போலீஸைச் சொல்றாங்கப்பா, நம்மளை இல்ல.'

முதல் குறைக்கு இஸ்தான்புல் பதில் சொல்லிவிட்டது. 2019 டிசம்பரில் அங்கே இதை நிகழ்த்தியவர்களை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சில நாளில் துருக்கி நாடாளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்கள் அதைச் சொன்னார்கள், கொல்லப்பட்ட பெண்களின் படங்களைத் தூக்கிப் பிடித்தபடி. பாட்டைத் தெரியாத போலீஸுக்கும் விரல் புரிந்திருக்கிறது.

இரண்டாவது குறைக்குப் பதில் பார்க்கிறவனிடம்தான் இருக்கிறது. எனக்கு அது நாலாவது தடவை பார்க்கும்போது வந்தது. டிசம்பர் 4 அன்று சாண்டியாகோ தேசிய மைதானத்துக்கு வெளியே எடுத்த வீடியோ அது. 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த இடம். அங்கே பல ஆயிரம் பெண்கள், பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பாட்டிகளும் இருந்தார்கள். இளைய பெண்கள் போட்ட தாளத்துக்கு, இத்தனை வருஷம் யாரும் கேட்காத குரல்கள்.

அவர்கள் விரல் நீட்டியபோது என் வயசுப் பெண்களைத்தான் பார்த்தேன். எத்தனை பேரிடம் யாராவது "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்று கேட்டிருப்பார்கள்? அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தன் நான். அன்று நான் கேட்டிருக்க வேண்டியது, "அவன் என்ன செஞ்சான்? இப்ப நான் என்ன செய்யணும்?" என்பதுதான். எந்த பக் ரிப்போர்ட்டிலும் தப்பு கோடில் இருந்தால் யூசரைத் திருத்த மாட்டோம். அது தெரிந்தும் அன்று நான் யூசரைத்தான் விசாரித்தேன்.