சற்றே உயர்ந்த சுருதி

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் என் மகள் பியானோவில் அமர்ந்து என்னுடைய பழைய இசைத்தட்டு ஒன்றோடு சேர்ந்து வாசிக்க முயன்றாள். இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டாள். "அப்பா, உங்க ரெக்கார்டு தப்பா ஓடுது. சுருதியே சேரல" என்றாள். சுழல்மேசையின் விளிம்புப் புள்ளிகளைப் பார்த்து வேகத்தைச் சரிபார்த்தேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, குறையில்லை. தட்டு, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. பிழை என் கருவியில் இல்லை, தட்டிலேயே இருந்தது. 1959இலிருந்து இருக்கிறது.

ஜாஸ் ரசிகர்களிடையே பிரபலமான இந்தக் கதை எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. 1959 மார்ச் 2ஆம் தேதி, நியூயார்க்கின் 30ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் மைல்ஸின் குழு மூன்று உருப்படிகளை வாசித்தது. 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் க்ரீன்'. இந்த மூன்றும்தான் தட்டின் முதல் பக்கம். அன்று மூலப் பதிவை எடுத்த ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைவாகும், சுருதியும் ஏறும். ஏறிய அளவு அரைச் சுரம்கூட இல்லை. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவானது, அதில் இந்தக் கோளாறு கிடையாது. பாதுகாப்புக்காக அருகில் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் நாடாவைக் கொண்டு 1992இல்தான் சரியான வேகத்தில் முதல் பக்கம் வெளிவந்தது. இடைப்பட்ட 33 ஆண்டுகள் உலகம் கேட்டது உயர்ந்த சுருதியைத்தான்.

அந்த உலகத்தில் நானும் ஒருவன். 2003இல் எம்.எஸ். படிக்க மினியாபொலிஸ் வந்தபோது, ஊரிலிருந்து கொண்டுவந்த வயலின் பெட்டியைவிட்டு வெளியே வராமலே கிடந்தது. பழைய பொருள் கடையில் சில டாலருக்கு இந்தத் தட்டு கிடைத்தது. 'சோ வாட்' தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது டி டோரியன். நம் கணக்கில் கரகரப்பிரியாவின் சுரங்கள். எட்டு எட்டு அட்சரங்களாக ஓடி, நடுவில் ஒருமுறை அப்படியே அரைச் சுரம் மேலேறி, மறுபடி இறங்கிவிடும். வயலினை எடுத்தேன். தட்டு எந்தச் சுருதியில் ஒலித்ததோ அதற்குத் தந்திகளைச் சேர்த்தேன். பாடகரின் சுருதிக்கு வாத்தியத்தைச் சேர்ப்பதுதானே நமக்குப் பழக்கம்? அது டி-க்கும் ஈ ஃபிளாட்டுக்கும் இடையில் எங்கோ நின்றது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுருதி நகரும் என்று நம்பி வளர்ந்த காதுக்கு அதில் பிழையே கிடையாது. பியானோவால் நகர முடியாது. அதனால்தான் என் மகள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்ததை நான் இருபது வருடம் கண்டுபிடிக்கவில்லை.

திருத்திய பதிவை இப்போது கவனமாகக் கேட்டேன். அதுதான் உண்மைக்கு நெருக்கம், சந்தேகமில்லை. டிரம்பெட்டின் குரலில் கொஞ்சம் கனம் கூடுகிறது. 'ப்ளூ இன் க்ரீன்' இன்னும் அவசரமில்லாமல் நடக்கிறது. பில் எவன்ஸ் தொட்ட பியானோ அன்று அந்த அறையில் இப்படித்தான் ஒலித்திருக்கும். ஆனாலும், எனக்குத் தெரிந்த ஒருவர் உடம்பு சரியில்லாமல் பேசுவதுபோல இருக்கிறது. இது வெறும் பழக்கதோஷமா, இல்லை விமர்சனமாகச் சொல்ல இதில் ஏதாவது உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். இசைத்தட்டுப் பிழைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. 'சோ வாட்'டில் மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார். மிகையாக அடித்துவிட்டோமே என்று அன்று அவர் நினைத்தாராம். இன்று அந்த அடி இல்லாமல் அந்தப் பாட்டை யாரும் எண்ணிப்பார்க்க மாட்டார்கள். 1963இல் வந்த கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி'யில் கிட்டார் முடிந்ததும் பாடகர் முன்கூட்டியே வாயைத் திறந்து, சட்டென்று நிறுத்துவார். டிரம்ஸ் அந்த இடைவெளியை நிரப்பும். இவை கலைஞனின் கைப்பிழைகள். நிகழ்ந்த கணத்திலேயே சக கலைஞர்கள் கேட்டு, ஏற்று, மேலே போய்விட்டார்கள். மைல்ஸின் முதல் பக்கத்துப் பிழையை அறையில் இருந்த யாரும் கேட்கவில்லை. அது இயந்திரம் செய்தது. அதைத் திருத்தியது நியாயம். என் கேள்வி, திருத்திய பிறகு பழையதை என்ன செய்வது என்பது.

இதற்குப் பீட்டில்ஸிடம் ஒரு விடை இருக்கிறது. 1969இல் வந்த 'அபி ரோடு' தட்டின் கடைசியில் 'ஹெர் மெஜஸ்டி' என்று அரை நிமிடத்துக்குக் குறைவான ஒரு பாட்டு. முதலில் அது இரண்டாம் பக்கத்துத் தொடர்பாடல்களின் நடுவில் இருந்தது. பால் மெக்கார்ட்னி வேண்டாம் என்றதும் வெட்டினார்கள். பதிவு செய்த எதையும் எறியக் கூடாது என்பது கூடத்தின் விதி. அதனால் ஜான் கர்லாண்டர் என்ற உதவியாளர் அந்தத் துண்டை நாடாவின் கடைசியில், ஒரு மௌனத்துக்குப் பின் ஒட்டிவைத்தார். ஆகவே பாட்டு முந்தைய பாட்டின் இறுதி அதிர்வோடு திடுக்கென்று தொடங்குகிறது. தன் கடைசிச் சுரத்தை இழந்து பாதியில் நிற்கிறது. கேட்ட பீட்டில்ஸ் அப்படியே விட்டுவிட்டார்கள். 2019இல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அந்தப் பாட்டு பழைய இடத்தில் இருக்கும் தொடரையும் வெளியிட்டார்கள், ஆனால் தனியாக. மூலத் தட்டின் வெட்டுக்காயம் அப்படியே இருக்கிறது.

நமக்கு இது புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1887இல் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தார். தேராத பாடங்களை அழித்துவிடவில்லை, பிரதிபேதமாகக் குறித்துவைத்தார். ஏடெழுதியவரின் கைப்பிழையாகவே இருந்தாலும், அதைப் படித்து அழுத, சிரித்த வாசகர்கள் இருந்திருக்கிறார்கள் அல்லவா? என் தொழிலிலும் இதுதான் பாடம். பத்து வருடமாக இருந்த ஒரு மென்பொருள் பிழையைச் சொல்லாமல் திருத்தினால், அதை நம்பி மற்றவர் கட்டிய கணக்கெல்லாம் மறுநாள் உடையும். திருத்து, ஆனால் எழுதிவை. பழையதையும் எடுக்க முடிகிற இடத்தில் வை.

ஒரு நாள் அந்த அறையில் நடந்தது ஒரு படைப்பு. 33 ஆண்டுகள் உலகம் கேட்ட தட்டு இன்னொரு படைப்பு. முதலாவதை மீட்கும்போது இரண்டாவது தொலைந்துபோகக் கூடாது. இன்று இணையத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் வருவது திருத்திய பதிவுதான். அதற்கு முன்பு வேறொன்று ஒலித்தது என்று அங்கே கேட்பவருக்கு யார் சொல்வார்?

மகள் இப்போது திருத்திய பதிவோடு வாசிக்கிறாள், நன்றாகவே சேர்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தந்திகளைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு தட்டோடு வாசிக்கிறேன். அதன் உள்ளுறையில் பென்சிலால் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன்: "முதல் பக்கம், சுருதி சற்று அதிகம்." எனக்குப் பிறகு இந்தத் தட்டை எடுக்கப்போகிறவள் அவள்தான்.