சாட்சிக் கூண்டில் நிற்கும் இடங்கள்

தமிழில் பயண எழுத்துக்கு மிகப் பழைய இலக்கணம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆற்றுப்படை. ஒருமுறை போய்ப் பரிசில் பெற்று வந்தவன், இன்னும் போகாதவனைப் பார்த்து, 'இந்த வழியால் போ' என்கிறான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. பாட்டுடைத் தலைவனைப் புகழ்வதுதான் அவற்றின் நோக்கம் என்று நாமெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அது மெய்தான். ஆனால் பாட்டின் பெரும்பகுதி வழிக்கே செலவாகிறது. தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், பாம்பு ஒதுங்கும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறை எங்கே என்று மலைபடுகடாம் எச்சரித்துக்கொண்டே போகிறது. எந்த நிலத்தில் எவர் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தைக்கூட அது விடவில்லை.

இலங்கையின் பார்க்கத்தக்க இடங்களைப் பற்றி, விசேடமாக முஸ்லிம்களோடு தொடர்புடைய இடங்களைப் பற்றி, நம்மவர்கள் தமிழில் எழுதியவற்றை இந்த அளவுகோலை வைத்து வாசித்துப் பார்த்தேன். நான் வாசித்தவரை அவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று அலங்காரம், மற்றது சான்று. வழி சொல்பவை மிகக் குறைவு. இது வெறும் நடை சார்ந்த குறை இல்லை. இடங்கள் நம் கையை விட்டுப் போவதற்கும் இந்தக் குறைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதே என் வாதம்.

அலங்காரத் தமிழ்

'இயற்கை எழில் கொஞ்சும்', 'கண்கொள்ளாக் காட்சி', 'உல்லாசப் பயணிகளின் சொர்க்கபுரி.' சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களிலும் ஞாயிறு இதழ்களிலும் இந்தத் தொடர்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இவற்றுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கலாம். அறுகம்பை என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நுவரெலியா என்று போடுங்கள். வசனம் அப்படியே நின்றால் அது எந்த இடத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அறுகம்பையையே எடுப்போம். உலகெங்கும் இருந்து அலைச்சறுக்குக்காரர்கள் வருகிறார்கள். ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அந்தக் கடல் அவர்களுடையது. அதே கரையில் பொத்துவில் மீனவர் வள்ளம் இறக்குகிறார். கொஞ்சம் உள்ளே போனால் லகுகலையில் யானைகள், மகுல் மகா விகாரையின் இடிபாடுகள். இவை எப்படி ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன, தென்னந்தோப்பு எப்படி விடுதியானது, வெள்ளைக்காரனுக்கு ரொட்டி போட்டுக் கொடுக்கிற பொடியன் பருவம் முடிந்ததும் எங்கே போகிறான்? இவற்றை எழுதினால்தான் அது அறுகம்பை. 'அலைகள் தாலாட்டும் கடற்கரை' என்பது எங்கேயும் இருக்கிறது.

கொழும்பு புறக்கோட்டையின் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிக்கும் இதே கதி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் செங்கற் சிவப்பையும் வெள்ளைக் கோடுகளையும் படம் பிடிக்காத வெளிநாட்டுக்காரர் இல்லை. இந்திய முஸ்லிம் வியாபாரிகள், கடைத்தெருவில் ஐந்து நேரமும் தொழுவதற்கென்று எழுப்பிய பள்ளி அது. நம் எழுத்தில் நிறம் மட்டும் மிஞ்சியது, கடைக்காரர்கள் காணாமல் போனார்கள்.

இப்னு பதூதாவை எப்படி வாசித்தோம்?

சான்று வகை எழுத்தில் அதிகம் அகப்பட்டவர் இப்னு பதூதா. 1344இல் அவர் இங்கே வந்தார், முஸ்லிம்கள் இருந்ததாக எழுதினார், ஆகவே நாம் வந்தேறிகள் அல்ல. இந்த மூன்று வரிகளுக்குள் அவரை முடித்துவிடுகிறோம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லிவிட்டுக் கூண்டை விட்டு இறங்கும் ஆளைப் போல அவரை அனுப்பிவிடுகிறோம்.

அவருடைய நூலின் இலங்கைப் பகுதியை முழுதாக வாசித்தால் தெரிவது வேறொரு ஆள். புத்தளம் என்று கருதப்படும் பத்தாலாவில் இறங்குகிறார். கரையில் கறுவா மரங்கள் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, பாதமலைக்குப் போக ஆட்களையும் கூட்டி அனுப்புகிறான். யார் அந்த ஆட்கள்? வருடாவருடம் மலைக்குப் போகும் யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், அரசனின் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிம் பயணியை பாவா ஆதமின் பாதத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப் போனவர்கள் யோகிகள்.

வழியில் அட்டை கடிக்கும், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்து அதன் மேல் பிழிய வேண்டும் என்கிறார். மலைக்கு இரண்டு வழி, ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. மாமா வழி இலேசு, ஆனால் அதால் போனவரை யாத்திரை போனவராக ஊர் கணக்கெடுக்காது என்கிறார். ஏறுவதற்குத் தொங்கும் இரும்புச் சங்கிலிகளை எண்ணி, பத்தாவது சங்கிலிக்குக் கலிமாவின் பெயர் என்று குறிக்கிறார். மலைபடுகடாம் வாசித்தவருக்கு இது பழகிய குரல். மொழி அரபு, செய்கிற வேலை ஆற்றுப்படை.

குருநாகல் என்று கருதப்படும் குனகாரில் அவர் குறிப்பிடும் ஷெய்க் உஸ்மான் ஷீராஸியின் கதை இன்னும் முக்கியம். மாடு அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. அந்த நாட்டு வழக்கப்படி அதற்கு மரணதண்டனை. அவர் மேல் இருந்த மரியாதையால் தண்டனையைக் குறைத்து, ஒரு சந்தையின் வரி வருமானத்தையும் அவருக்கே கொடுத்தார்கள். பாதமலைக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். பிறகு அவருடைய பிள்ளைகளும் பணியாட்களும் அந்த வேலையைச் செய்தார்கள். தண்டனையும் மரியாதையும் ஒரே ஊரில், ஒரே மனிதருக்கு. இதை 'முஸ்லிம்கள் இருந்தார்கள்' என்ற ஒற்றை வரிக்குச் சுருக்கினால், எப்படி இருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பயணி தந்த விடையை நாமே அழித்துவிடுகிறோம்.

ஊர் வரலாறும் கடற்கரைப் பள்ளியும்

இப்னு பதூதா காலி வரை போனார், கொழும்பைப் பார்த்தார், எங்கள் கரைக்கு வரவில்லை. எங்கள் கரையை நாங்களேதான் எழுத வேண்டும். எழுதியும் இருக்கிறோம். அம்பாறைக் கரையில் ஊர் வரலாற்று நூல் இல்லாத ஊர் அருமை. அவற்றின் கட்டமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர் வந்த காரணம், முதல் குடிகள், பள்ளிவாசல்கள், பாடசாலைகளும் அதிபர் பட்டியலும், முதல் டொக்டர், முதல் பட்டதாரி, பிறகு அரசியல்வாதிகளின் படங்கள். பெயர்க் காரணத்துக்குப் பத்துப் பக்கம் போகும். அந்த ஊரில் ஒரு நாளைக்கு நின்று பார்த்த ஒரு பக்கம் இராது.

கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியைப் பாருங்கள். நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் அமைந்த இடம். வலியுல்லாஹ்வின் அடக்கம் நாகூரில், இங்கே இருப்பது நினைவிடம். ஜமாதுல் ஆகிர் பிறை கண்டால் கொடியேற்றம், பன்னிரண்டு நாள் மௌலிது, கடைசியில் கந்தூரி. மணலில் வரிசையாகக் கடை போடுவார்கள். தொதலும் மஸ்கட்டும் வளையலும் விளையாட்டுச் சாமானும் விற்கும். 'கடக்கரப் பள்ளிக் கொடியேத்தம்' என்றால் எங்கள் உம்மாமாருக்கு அது ஒரு காலக்கணக்கு. 'கொடியேத்தத்துக்கு முந்தி பிறந்த புள்ள' என்றுதான் வயது சொல்வார்கள். தமிழ்ச் சகோதரர்களும் வந்து நேர்ச்சை செலுத்துவதை மூத்தவர்கள் சொல்வார்கள்.

இந்தக் கொடி எங்கே தைக்கப்படுகிறது, யார் சுமக்கிறார்கள், எந்தத் தெருவால் ஊர்வலம் வருகிறது, பெண்கள் எங்கே நிற்கிறார்கள், என்ன நேர்கிறார்கள்? இவற்றை விபரமாக எழுதிய நம்மவர் நூலைத் தேடினால் கிடைப்பது ஒரு பந்தி. காரணம் எல்லோருக்கும் தெரியும். இது கூடுமா கூடாதா என்ற தகராறு. கூடும் என்பவர் கராமத்துகளை எழுதுகிறார். கூடாது என்பவர் எழுதாமல் விடுகிறார். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு கரையில் நடந்த ஒன்றைப் பார்த்து எழுதிவைப்பது அதை ஆதரிப்பதாகிவிடாது. ஏற்காதவரும் பதிவு செய்யலாம். சொல்லப்போனால் ஏற்காதவரின் கண்ணுக்குத்தான் சில விபரங்கள் கூடுதலாகப் படும்.

அதே நாகூர் வலியுல்லாஹ்வின் பெயரால் சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. போகிறவர் அங்கே குடியேறிகளின் கதையை வாசிக்கிறார். கல்முனைக்கு வருகிற வெளியூர்க்காரருக்கு வாசிக்கக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

பிள்ளைகளும் இதையே படித்துக்கொள்கிறார்கள். 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கொடுத்தால் வகுப்பு முழுக்கச் சீகிரியா, பேராதனைப் பூங்கா, ஹக்கல. அதில் பிழை இல்லை. ஆனால் 'வெளியூர் நண்பனுக்கு உன் ஊரைக் காட்டு' என்று கொடுத்தபோது பல பிள்ளைகள் எழுதியது, 'எங்கள் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை.' மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளையும் அதைத்தான் எழுதியது. ஒலுவிலில் கலங்கரை விளக்கத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளையும் அதைத்தான் எழுதியது. 2013இல் திறந்த துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் தன் ஊரின் கரையை அரித்துக்கொண்டு போவதைக் கண்ணால் கண்ட பிள்ளை அது.

சான்று போதுமா?

'எங்கள் இருப்பையே கேள்வி கேட்கிற காலத்தில் சான்று தேவையில்லையா?' என்று கேட்பார்கள். தேவைதான். 1915ஐயும் 1990ஐயும் 2019க்குப் பிறகு வந்த நாட்களையும் கண்ட சமூகம் ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். கல்வெட்டுகளைத் தேடி எடுத்த நம் ஆய்வாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சான்று மட்டும் போதாது என்பதற்குக் கூரகல ஜெய்லானி ஓர் உதாரணம்.

பலாங்கொடைக்கு அப்பால் உள்ள அந்தக் குன்றில் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் தங்கியதாக மரபு. அங்கே பிராமிக் கல்வெட்டும், வரலாற்றுக்கு முந்திய மனிதர் வாழ்ந்த தடயமும் உண்டு. 2013இல் பள்ளியைச் சூழ இருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழாவே அங்கே நடந்தது. இந்தத் தகராறில் நாம் ஒரு காலத்தைச் சொன்னோம், அவர்கள் அதைவிட முந்திய காலத்தைச் சொன்னார்கள். வயதைக் காட்டி வாதாடினால் வயது கூடியவன்தான் வெல்வான். ஆனால் அந்தக் குன்றில் ஏறிய மனிதர்கள், கொடியேற்றம், பக்கீர்களின் றாத்திபு, தென்னிலங்கையிலிருந்தும் கிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து தங்கியவர்கள், இந்த வாழ்க்கையை ஆற அமர இருந்து ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் யார்? கொலராடோ பல்கலைக்கழக மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. அக்கரைப்பற்றில் தங்கி எங்கள் கரையின் குடிவழக்கத்தையும் பெரிய நூலாக எழுதியவர் அவர்தான். அவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் நம் வீட்டுக்கு வழி கேட்க நாமே ஆங்கில நூலைப் புரட்ட வேண்டியிருப்பதையும் யோசிப்போம்.

எழுத்து இடத்தைக் காக்குமா என்று கேட்டால் சீகிரியாவின் கண்ணாடிச் சுவர் பதில் சொல்லும். ஓவியங்களைப் பார்க்க வந்த சாதாரண மனிதர்கள் சுவரில் கிறுக்கிவிட்டுப் போன சிங்களக் கவிகள் அவை. அவற்றில் 685ஐ வாசித்து செனரத் பரணவிதான 1956இல் வெளியிட்டார். அரசன் கட்டியது கோட்டை. பார்க்க வந்தவர்கள் எழுதியதும் இன்று அந்தக் கோட்டையின் பெருமை.

காலி மும்மொழிக் கல்வெட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோ பிறப்பால் முஸ்லிம். 1409ஆம் ஆண்டிட்ட அந்தக் கல் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை சொல்கிறது. மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்று. 1911இல் காலியில் அதைக் கண்டெடுத்தபோது அது ஒரு வடிகானுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. மூன்று சமூகத்துக்கும் சொந்தமான கல்லையும், வாசிக்க ஆளில்லாவிட்டால், ஊர் கானுக்கு மூடியாக்கிவிடும்.

அடுத்த ஊர் வரலாற்று நூலைத் தொகுக்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெயர்க் காரணத்தைப் பத்துப் பக்கத்தில் இருந்து இரண்டாகக் குறையுங்கள். மிச்சம் எட்டுப் பக்கத்தில், பஸ்ஸை விட்டு இறங்குகிற ஓர் அந்நியனுக்கு வழி சொல்லுங்கள். எந்தத் தெருவால் போவது, தறி எங்கே ஓடும், கரைவலை எத்தனை மணிக்கு இழுப்பார்கள், கடல் எதுவரை வந்தது, சுனாமிக்கு முன் அந்த இடத்தில் யார் வீடு இருந்தது, எந்தப் பள்ளியில் எந்த மாதம் என்ன நடக்கும், அதைப் பற்றி ஊருக்குள் என்ன தகராறு? தகராறையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த எட்டுப் பக்கத்தை நம் பிள்ளைகள் எழுதினால் இன்னும் நல்லது.