மாணவர் ஓவியமும் நம் இல்லங்களும்

கோடுகளால் மட்டும் அமைந்த சித்திரத்தைப் பழந்தமிழர் ‘புனையா ஓவியம்’ என்றனர். வண்ணத்திற்கு முன்னது கோடு. கோட்டிற்கும் முன்னது பார்வை. மாணவர் ஓவியங்களை மதிப்பிடப் புகுவோர் முதலில் தேட வேண்டுவது இப்பார்வையையே.

நாம் வாழும் இம்மாநகரில் மாணவர் கலைக்கு நெடிய வரலாறு உண்டு. 1857இல் தோன்றிய சர் ஜே. ஜே. கலைப்பள்ளியின் மாணவர்கள், ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் 1872 முதல் 1885 வரை அஜந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுத்தனர். அப்படிகளுள் பல பின்னர் இலண்டனில் தீக்கிரையாயின. எனினும் அவ்வுழைப்பு வீணன்று. மங்கிய சுவரின் முன் நின்று ஒரு விரலின் வளைவையும் நுணுகி நோக்கிய கண்கள் அவை.

1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் வேறொரு வினா பின்னாளில் எழுந்தது. மேலைநாட்டு நவீனத்தைக் கற்றபின் நமக்கென்று உரியது யாது என்பதே அது. அவ்வினாவை எழுப்பிய கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். அப்பள்ளியில் பயின்று 1973இல் இளமையிலேயே மறைந்த கே. ராமானுஜம், தாம் கனவில் கட்டிய மாளிகைகளுக்கிடையே தொப்பியணிந்த தம் உருவையே உலவவிட்டார். அங்குப் பயின்ற கே. எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, கறுப்புக் கோடுகளிலேயே அண்ணலின் வாழ்வை வரைந்தார். ஒருவர் தம்முள் நோக்கினார். மற்றவர் நாடறிந்த முகத்தைப் புதிதாய் நோக்கினார். இருவர் கோட்டிலும் தனித்தன்மை தெரிகிறது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நம் பிள்ளைகள் தீட்டும் ‘இயற்கைக் காட்சி’யில் இரு மலைகள், நடுவே உதயசூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. திருநெல்வேலிச் செம்மண்ணில் கோடை விடுமுறையைக் கழித்துவந்த சிறுவனும் அங்குக் கண்ட பனையை விடுத்து, நாட்காட்டியின் தென்னையையே வரைகிறான். அஜந்தாவிற் படியெடுத்தோர் மூலத்தைக் கண்டனர். இவனோ காணாததைப் படியெடுக்கிறான். குறை இவனுடையதன்று. பார்த்ததை வரைந்தால் ‘இது அழகாயில்லையே’ எனத் திருத்துவோர் நாமே.

தமிழ் அடையாளம் வேண்டுமெனக் கோபுரத்தையும் குத்துவிளக்கையும் வரையச் சொல்வதும் தீர்வாகாது. அவையும் பாராமல் வரையப்படின் நாட்காட்டித் தென்னையே ஆகும். விடியலில் தாதர் பூச்சந்தையில் குவியும் சாமந்தி, தாராவியிலிருந்து இட்லிக்கூடையுடன் புறப்படும் உழைப்பாளி, மாட்டுங்காவில் பூச்சரம் தொடுக்கும் கை, சால் வீட்டுக் குறுகிய நடையில் இடத்திற்கேற்பச் சுருங்கிய கோலம் இவற்றுள் நம் வாழ்வு முழுதும் இருக்கிறது. சுருங்கிய அக்கோலத்தை ஒரு சிறுமி உள்ளவாறே வரைவாளாயின், குடிபெயர்ந்த குடும்பத்தின் கதையையே அவள் வரைந்தவளாவாள்.

மராட்டிய மாநிலம் நடத்தும் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளில் ‘நினைவு ஓவியம்’ ஒரு பாடமாக உள்ளது. நம் பிள்ளைகளுள் பலர் அதற்கும் முன்கூட்டியே மனப்பாடம் செய்த காட்சியுடன் செல்கின்றனர். நினைவிற்கு உரிய இடத்தில் பயிற்சி அமர்ந்துவிடுகிறது.

ஆதலின் சங்கங்கள் தம் விழாப் போட்டிகளில் ‘இயற்கைக் காட்சி’ என்னும் தலைப்பை விடுத்து, ‘எங்கள் வீட்டு வாசல்’ என்றொரு தலைப்பை அளிப்பனவாக. நடுவராய் அமர்வோர் வண்ணத்தின் தூய்மைக்கு முன், குழந்தை எதைக் கண்டது என்று கேட்பாராக. வரைந்த தாளைப் பழைய செய்தித்தாளோடு சேர்க்காமல் பெற்றோர் பேணுவாராக. ஊரை அறியாத நம் பேரக்குழந்தைகட்கு, மும்பையில் நாம் வாழ்ந்த வாழ்வை அத்தாள்களே காட்டும்.