சிலுவையும் கழுவும்: ஒரு சொல்லாராய்ச்சி

பூதலூர்ப் பகுதியில் திருக்காட்டுப்பள்ளியை அடுத்துள்ள பூண்டி மாதா கோயிலுக்குச் செல்வோர் யாவரும் ‘சிலுவை’ என்னும் சொல்லை அறிவர். அது தமிழ்ச்சொல் அன்று, கிரேக்கச்சொல்லும் அன்று, சிரிய மொழியின் ‘ஸ்லீபா’ என்பதன் திரிபு. போர்த்துக்கேசியர்வழி வந்த ‘குருசு’, ‘குருசடி’ என்னும் தொடர்ச்சொல்லில் இன்றும் வாழ்கின்றது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவற்றினிடத்து நிற்பது ‘ஸ்டௌரோஸ்’ ஆகும். அதன் பொருளை ஈண்டு ஆராய்வோம்.

‘ஸ்டௌரோஸ்’ நிற்றற்பொருள் தரும் வேரிற் பிறந்தது. ஹோமரின் காவியங்களில் அது வேலிக்கு நட்ட கம்பத்தைக் குறித்தது. இதுகொண்டு, முதற் கிறித்தவரும் ஒற்றைக் கம்பத்தையே கருதினர் என்பர் சிலர். இது பொருந்தாது. வேர்ப்பொருள் வேறு, வழக்குப்பொருள் வேறு. ‘கோயில்’ கோவின் இல் என்னும் பொருளிற் பிறந்தது. அதுபற்றித் தஞ்சைப் பெரிய கோயிலை அரண்மனை என்பார் உளரோ?

வழக்கிற்குச் சான்று அக்கிறித்தவர்தம் எழுத்துகளே. பர்னபா பெயரால் வழங்கும் திருமுகம், கிரேக்க எழுத்தாகிய ‘தௌ’வின் வடிவிற் சிலுவையைக் கண்டது. 2ஆம் நூற்றாண்டினராகிய யுஸ்தீன் அதனைப் பாய்மரத்தோடும் ஏரோடும் ஒப்பிட்டார். நெடிய ஏர்க்காலும் குறுக்கே அமையும் நுகத்தடியும் கண்ட காவிரிநாட்டார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. இரனேயு நீளத்தில் இரண்டும் அகலத்தில் இரண்டும் நடுவில் ஒன்றுமாக ஐந்து முனைகள் கூறினார். ஒற்றைக் கம்பத்திற்கு அகலத்தில் முனை ஏது? தண்டனைமரங்கள் பல வடிவின என்பது செனேக்காவின் கூற்றால் விளங்கும். ஆகவே இச்சான்றுகள் கல்வாரி மரத்தின் வடிவை ஐயமற நிறுவா எனினும், கிறித்தவர் அச்சொல்லை உணர்ந்தவாற்றை நிறுவும்.

தமிழில் ‘கழு’ என்னும் சொல் இருந்தும் அது கொள்ளப்படாமை நன்றே. கழு உடலை ஊடுருவுவது. சமணர் கழுவேறிய கதையோடு பிணைந்தது. ஆயினும் கடன்சொல்லால் ஓர் இழப்பும் நேர்ந்தது. கிரேக்கம் பேசிய அக்கால மக்களுக்கு ‘ஸ்டௌரோஸ்’ அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய கொலைக்கருவியின் பெயர். நாவில் எடுக்க நாணிய சொல். தமிழர்க்கோ ‘சிலுவை’ தொடக்கமுதலே வழிபாட்டுச் சொல். பவுல் அதனை இடறல் என்றும் பேதைமை என்றும் உரைத்ததன் வன்மை தமிழ்ச்செவிக்கு முழுதும் எட்டுவதில்லை.

அப்போஸ்தலர் பணிகள் ‘மரம்’ எனப் பொருள்படும் ‘க்ஸுலொன்’ என்பதனையும் ஆள்கின்றது. நம் வழக்கிலுள்ள ‘சிலுவைமரம்’ என்னும் தொடர் இவ்விரண்டையும் இணைத்து, புனிதப் பெயருக்குள் மறைந்த கொலைமரத்தை மீண்டும் காட்டுகின்றது. உரைகாண்போர் இத்தொடரைப் போற்றுதல் தகும் என்பதே நம் துணிபு.