பாடும் வில்: லால்குடி பாணியின் பலமும் எல்லையும்

லால்குடி ஜெயராமனைப் (1930–2013) பற்றிப் பேச்செடுத்தால், அவர் வயலின் பாடும் என்றுதான் ரசிகர்கள் தொடங்குவார்கள். அந்தப் பாராட்டுக்கு அவர் முழுக்கத் தகுதியானவர். ஆனால், பாடுவதுதான் ஒரு வாத்தியத்தின் உச்சமா என்ற கேள்வியையும் அவருடைய கலை எழுப்புகிறது.

பாலுசாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த வயலின், பக்கவாத்தியமாகவே இங்கு வேரூன்றியது. சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால், வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பதற்காக, விரல் தந்தியில் தாராளமாக வழுக்கி ஏறி இறங்க முடிகிறது. குரலைப் பின்தொடரும் வழி இந்த உட்காரும் முறையிலேயே பிறந்துவிட்டது.

தியாகராஜரின் சீடர் லால்குடி ராமய்யரின் வழிவந்த ஜெயராமன், தந்தை வி. ஆர். கோபாலய்யரிடம் பயின்று 12 வயதிலேயே கச்சேரி மேடை ஏறினார். அரியக்குடி, செம்பை, ஜி. என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.), மதுரை மணி ஐயர் என்று முன்னணிப் பாடகர்களுக்கெல்லாம் பக்கம் வாசித்தார். ஜி.என்.பி.யின் மின்னல் வேகப் பிருகா வேறு. தாள நடையோடு இயல்பாக ஓடும் மணி ஐயரின் சர்வலகு ஸ்வரம் வேறு. இரண்டுக்கும் ஈடுகொடுத்தவர், இரண்டிலும் தன் முத்திரையையும் விட்டுச்சென்றார். பாடகர் விரித்த ராகத்தைத் தன் முறை வரும்போது சுருக்கமாக, அதே சாயலில், ஆனால் அவர் தொடாத ஓரிரு பிடிகளோடு தருவார். பக்கவாத்தியத்தில் இதைவிடப் பெரிய நாகரிகம் இல்லை.

இந்தப் பாணியின் உயிர் வில்லில் இருக்கிறது. சாகித்தியத்தில், அதாவது பாடலின் சொற்களில், புதிய எழுத்து விழும் இடத்தில் வில் திரும்பும். நெடில் நீளும் இடத்தில் ஒரே வில் ஓட, விரல் மட்டும் அசையும். ஒரே வரிக்குச் சங்கதி (மெட்டு மாறுபாடு) எத்தனை வந்தாலும் சொல் சிதையாது. கீர்த்தனை தெரிந்தவர் காதில் வரிகள் தாமாகவே ஒலிக்கும்.

பலவீனமும் இதே இடத்தில்தான். கீர்த்தனை தெரியாதவருக்கு அந்த வில் சொல்வது எட்டாது. நிரவலில் இது வெளிப்படையாகத் தெரியும். ஒரு வரியின் சொற்களை இடம் மாறாமல் வைத்து, அதே ராகத்துக்குள் மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது நிரவல். சொல் கேட்காத தனி வயலின் கச்சேரியில் அது பலருக்கு இன்னொரு ஆலாபனையாகவே பதிகிறது.

அடுத்தது, வாத்தியத்தின் வீச்சு. வயலின் மூன்று ஸ்தாயியைத் தாண்டும்; குரலையே அளவுகோலாகக் கொண்டால் அந்தப் பரப்பின் ஒரு பகுதி வெறுமையாகக் கிடக்கும். அதே தலைமுறையின் எம். எஸ். கோபாலகிருஷ்ணன், பரூர் வயலின் மரபின் வழியில், விரலும் வில்லும் எதுவரை போகுமோ அதுவரை போனார். இந்துஸ்தானி இசையையும் வாசித்தார். அங்கே வயலின் வயலினாகவே பேசியது. லால்குடியின் நெகிழ்வு அதில் குறைவு என்பது என் கருத்து. ஆனாலும் அந்தத் துணிவு லால்குடி பாணிக்குத் தேவைப்பட்ட ஒன்று.

இந்த எல்லை ஜெயராமனுக்கே தெரிந்திருக்கும் என்பதற்கு அவருடைய படைப்புகள் சான்று. 1966-இல் என். ரமணியின் குழலோடும் வெங்கட்ராமனின் வீணையோடும் சேர்ந்து, குரலே இல்லாத வயலின்–வேணு–வீணைக் கச்சேரியை மேடையேற்றினார். அவர் இயற்றிய தில்லானாக்களில் ஜதிச் சொற்களே பெரும்பகுதி. பொருள் தரும் சாகித்தியம் சிறிதே. தாளக் கணக்கும் ராக ஓட்டமும் அங்கே நேருக்கு நேர் சந்திக்கின்றன. வாத்தியக்காரரின் மூளை தடையின்றி இயங்கிய இடம் அது. பாடகர்களும் பரதக் கலைஞர்களும் அவற்றை இன்றளவும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இன்று இந்தப் பாணியைப் பின்பற்றும் இளைஞர்களில் சிலர் அதன் இனிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மெல்லிய வில், குழைந்த நாதம், அவ்வளவுதான். சாகித்தியத்தை வாய்விட்டுப் பாடிப் பாடம் செய்யாமல் அந்தக் குழைவு வெறும் அலங்காரமாகவே நிற்கும். முதலில் பாட்டைக் கற்க வேண்டும். பிறகு பாட்டால் எட்ட முடியாத இடங்களுக்கு வயலினைக் கொண்டுபோக வேண்டும். முதல் பாதியை லால்குடியைப் போல் கற்றுத்தர இன்னொருவர் இல்லை. மறு பாதியை அவர் தில்லானாக்களிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.