இரு மலைகளின் கொடைக் கணக்கு

இந்தியாவில் சாஞ்சி, இலங்கையில் மிகிந்தலை. இரண்டும் குன்றின்மேல் எழுந்த பழைய பௌத்த மடங்கள். இரண்டுக்கும் உறவும் உண்டு. அசோகரின் மகன் மகிந்தர் இலங்கைக்குப் புறப்படுமுன், விதிசையில் இருந்த தம் தாயைப் பார்த்து, அங்கிருந்த மலை விகாரையில் தங்கினார் என்கிறது மகாவம்சம். அந்த மலை சாஞ்சியே என்பது பலருடைய கருத்து. மகிந்தர் இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்த இடம் மிகிந்தலை.

இந்த இரு மலைகளுக்கும் போகிறவர்கள் தூபியையும் படிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. கல்லில் உள்ள எழுத்தையும் பார்க்க வேண்டும். மடத்தைத் தாங்கியவர்கள் யார் என்பதை இரண்டு இடங்களும் இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கின்றன.

சாஞ்சியின் பெரிய தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியிலும் தோரணங்களிலும் கொடையாளர் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. உஜ்ஜயினியிலிருந்து வந்தவர்கள், வணிகர்கள், பிக்குகள், பிக்குணிகள், குடும்பப் பெண்கள் என ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். தெற்குத் தோரணத்தில் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிசையின் தந்தச் சிற்பிகள் என்றும் கல்லே சொல்கிறது. பலர் கொடுத்த சிறு கொடைகள் சேர்ந்து எழுந்த மலை அது.

மிகிந்தலையில் அரசனின் கை தெரிகிறது. 10ஆம் நூற்றாண்டில் மன்னன் நான்காம் மகிந்தன் நிறுத்திய இரண்டு பெரிய கற்பலகைகள் மடத்தின் நிர்வாக விதிகளைச் சொல்கின்றன. பிக்குகளின் ஒழுங்கு மட்டுமல்ல, மடத்தில் வேலை செய்தவர்களுக்கு என்ன பணி, அதற்கு எவ்வளவு நெல், எவ்வளவு நிலம் என்பதும் அவற்றில் உண்டு. வரவு செலவை எழுதி வைத்து, சங்கத்தின் முன் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் அவை விதிக்கின்றன.

சாஞ்சியின் கல் கொடுத்தவரை நினைக்கிறது. மிகிந்தலையின் கல் உழைத்தவரின் கூலியை உறுதி செய்கிறது. முன்னதில் தொழிலாளரின் கூலி தெரியவில்லை; பின்னதில் அவர்களின் பெயர் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இன்று, மகிந்தரின் வருகையை நினைவுகூரும் பொசன் பௌர்ணமியில் வெள்ளாடை உடுத்திய மக்கள் மிகிந்தலைப் படிகளில் திரள்கிறார்கள். வழியெங்கும் தன்சல் எனும் அன்னதானப் பந்தல்களில் உணவு கொடுக்கிறார்கள். சாஞ்சி 1989 முதல் உலக மரபிடம். தொல்லியல் துறை காக்கிறது. 1851இல் கண்டெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன, புத்தரின் சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் அஸ்திகள் திரும்பி வந்து, 1952 முதல் அங்குள்ள புதிய விகாரையில் இருக்கின்றன. நவம்பர் இறுதித் திருவிழாவுக்கு இலங்கையரும் வருகிறார்கள்.

மலேசியாவில் சுங்கை சோ தொடங்கிக் கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டத்து மக்களுக்கு இந்த இரு மலைகளின் கணக்கில் பெரிய பாடம் இருக்கிறது. தோட்டக் கோயில்களைக் கட்டியது பால்மரம் வெட்டியவர்களின் சம்பளப் பணமும் உழைப்பும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலிலும் மேம்பாட்டிலும் அவை மறைந்து, பல கோயில்கள் இடம் மாறின. பணம் தந்தவர் யார், மண் சுமந்தவர் யார் என்ற செய்தி முதியவர்களின் நினைவில் மட்டுமே நிற்கிறது. ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் அவர்களைக் கேட்டு, பெயரும் பணியும் சேர்த்து இப்போதே எழுதி வைக்க வேண்டும். ஒரு சிறு பெயர்ப்பலகையும் ஒரு கணக்கேடும் போதும். அவை நாம் செலுத்த வேண்டிய கடன்.